பண்டரிபுரத்துக்கு நடந்தே போனேன்!

“ஏன், வீட்டிலே கால் வலிக்கிறது போதாதா? ரோட்டிலே போய் வேற வலிக்கணுமா?” என்றார் என் கணவர்.

நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது வயது 54. சர்க்கரை வந்து எட்டு வருஷம். இரண்டு மாடி ஏறினால் இடது முழங்கால் ‘கடக் கடக்’ என்று பேசும். இப்பேர்ப்பட்டவள் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கிலோமீட்டர் நடக்கப் போகிறேன் என்றால், கட்டினவர் வேறு எப்படிக் கேட்பார்?

நாங்கள் புனேக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு ஹடப்ஸரில். வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, பெரிய ரோட்டில் பல்லக்கு போகும். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகை, தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகை. பல்லக்கை ரதத்தில் வைத்து, லட்சக்கணக்கான ஜனங்கள் தாளம் தட்டிக்கொண்டு நடந்தே போவார்கள். ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசிக்கு (நம் கணக்கில் ஆனியிலோ ஆடியிலோ வரும்) பண்டரிபுரத்தில் இருக்க வேண்டும். இந்த யாத்திரைக்கு ‘வாரி’ என்று பெயர். போகிறவர்கள் வார்க்கரிகள்.

என் மாமியார் பக்த விஜயம் படித்து வளர்ந்தவர். நாமதேவர், ஜனாபாய், சோகாமேளர் எல்லாரும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. 2012-ல் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஒன்பது வருஷம் படுக்கைதான். ஆனால் பல்லக்கு வரும் நாள் மட்டும் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஆறரைக்கே ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்துவேன். அன்று முழுதும் முகம் மலர்ந்திருக்கும்.

2019-ல் என்ன ஆயிற்று என்றால், வேலைக்காரப் பெண் வரவில்லை. காஸ் தீர்ந்துவிட்டது. எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. “அத்தை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே” என்றேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன். பேச்சே குழறிப் போனவர், என்ன பதில் சொல்லுவார்? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாளச் சத்தம் உள்ளே வந்துகொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் கொரோனா. நடைப் பயணமே கிடையாது. பாதுகைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2021-லும் பஸ்தான். அந்த ஆகஸ்டில் மாமியார் போய்விட்டார்.

2022-ல் வாரி மறுபடி நடக்கிறது என்று செய்தி வந்தபோது, நான் போகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். ஏன் என்று வீட்டில் சொல்லவில்லை.

கீழ் வீட்டு ஆஜியின் பாடம்

ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டு ஆஜி 22 தடவை வாரி போனவர். இப்போது இடுப்பு ஒத்துழைக்காமல் வீட்டோடு இருக்கிறார். அவர்தான் என்னை ஒரு திண்டியில் சேர்த்துவிட்டார். திண்டி என்பது ஒரு குழு. ஒரு ஊர்க்காரர்களோ, ஒரு குருவின் சீடர்களோ சேர்ந்து போவது. ஒவ்வொரு திண்டிக்கும் நம்பர் உண்டு. ரதத்துக்கு முன்னால் இத்தனை, பின்னால் இத்தனை என்று வரிசை. காவிக் கொடி பிடித்தவர்கள் முதலில், பிறகு தாளக்காரர்கள், மிருதங்கம் மாதிரி பக்வாஜ், வீணை ஏந்தின ஒருவர், தலையில் துளசி மாடம் வைத்த பெண்கள். வரிசையை மீறக்கூடாது. சாமான், கூடாரம், அடுப்பு எல்லாம் லாரியில் வரும். சாப்பாட்டுக்கும் லாரிக்கும் சேர்த்து ஒரு தொகை முன்னாலேயே கட்டிவிட வேண்டும்.

“மூணு மாசம் முன்னாடியே நடக்க ஆரம்பி. புதுச் செருப்பும் புதுச் சம்பந்தியும் முதல் மாசம் கடிக்கும். பழக்கிக்கொண்டுதான் கிளம்பணும்” என்றார் ஆஜி.

மார்ச்சில் தினம் அரை மணியில் தொடங்கினேன். மே மாதக் கடைசியில், வாரத்தில் ஒரு நாள் 15 கிலோமீட்டர் நடக்க முடிந்தது. முழங்காலுக்கென்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி ரொம்பச் சுலபம். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்க வேண்டும். தொடைச் சதை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையுமாம். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

அதே டாக்டரம்மா இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார். “சர்க்கரைக்காரங்க வெறுங்காலோட ஒரு அடி நடக்கக்கூடாது. சாமி கோவிச்சுக்காது. தினம் ராத்திரி கண்ணாடி வெச்சு உள்ளங்காலைப் பாருங்க. உங்களுக்கு வலி தெரியாது, புண் வந்திருக்கும்.” அரை அளவு பெரிய கான்வாஸ் ஷூ, நாலு ஜோடி சாக்ஸ், ஒரு சின்னக் கைக்கண்ணாடி, தேங்காயெண்ணெய், பஞ்சு, மாத்திரைகள் இரண்டு பொட்டலமாக (ஒன்று லாரியில், ஒன்று இடுப்புப் பையில்; ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்குமே!), சர்க்கரை பார்க்கும் மீட்டர், இரண்டு நூல் புடவை, இரண்டு சல்வார், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டு. இவ்வளவுதான் மூட்டை.

புறப்பாடு

ஜூன் 21 மாலை ஆளந்தி. இந்திராயணி நதிக்கரையில் ஞானேஸ்வரர் சமாதி. 1290-ல் பகவத் கீதைக்கு மராத்தியில் ஞானேஸ்வரி என்ற உரையைப் பாடியவர். 1296-ல், 21 வயதில் சமாதி அடைந்துவிட்டார். சன்னியாசம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து குடும்பம் நடத்தினவரின் பிள்ளைகள் என்று ஊர் ஒதுக்கி வைத்த நாலு குழந்தைகளில் இவர் இரண்டாவது. அந்தப் பிள்ளையைத்தான் இன்று மராட்டிய தேசமே ‘மாவுலி’ என்கிறது. மாவுலி என்றால் தாய்! கல்யாணம் ஆகாத, 21 வயசு ஆண்பிள்ளையைத் தாய் என்று கூப்பிடுகிற ஜனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அது மட்டுமல்ல. வாரியில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாரும் மாவுலிதான். “மாவுலி, கொஞ்சம் தள்ளி நட!” “மாவுலி, டீ சாப்பிட்டாயா?” போலீஸ்காரரும் மாவுலி, டீ விற்கிற பையனும் மாவுலி. எதிர்ப்பட்டால் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். வயசில் பெரியவர் சின்னவர் காலைத் தொடுகிறார். முதல் நாள் 70 வயதுக் கிழவர் ஒருவர் என் காலைத் தொட்டபோது நான் பதறிப் பின்வாங்கினேன். “நீயும் தொடு, சரியாகிவிடும்” என்று சிரித்தார்.

புனேயில் இரண்டு ராத்திரி தங்கல். பேஷ்வாக்களின் சனிவார் வாடா, சிவாஜி சிறுவனாக வளர்ந்த இடத்தின் லால் மகால் எல்லாம் இருக்கிற பழைய பேட்டைகளில், வீட்டுக்கு வீடு வார்க்கரிகளைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். செருப்புத் தைக்கிறவர்கள் காசு வாங்காமல் தைத்துத் தருகிறார்கள். முடி வெட்டுகிறவர்களும் அப்படியே. காலேஜ் பெண்கள் கிழவிகளின் காலைப் பிடித்துவிடுகிறார்கள்.

24-ஆம் தேதி காலை ஹடப்ஸர். எங்கள் ஊர்! மாமியாரின் சக்கர நாற்காலியை நிறுத்துகிற அதே இடத்துக்குக் கிட்டே என் கணவர் நின்றிருந்தார், கையில் டிபன் டப்பாவோடு. “இட்லி” என்றார். அவரே மாவரைத்து ஊற்றியதாம்! எனக்குத் தொண்டை அடைத்தது. “இன்னிக்கு ஏகாதசி, நான் ஒண்ணும் சாப்பிடறதில்லே” என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீடு நாலு தெருவில் இருக்கிறது. பாத்ரூம், ஃபேன், கட்டில் எல்லாம் கண்முன் வந்தன. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மலை மேல் நான் செய்த முட்டாள்தனம்

ஹடப்ஸரில் இரண்டு பல்லக்குகளும் பிரிகின்றன. துக்காராம் பல்லக்கு சோலாப்பூர் ரோடு வழியே போகிறது. ஞானேஸ்வரர் பல்லக்கு திவே மலைப்பாதை ஏறி சாஸ்வட் போகிறது. அன்றைய நடை 30 கிலோமீட்டர் அளவு. வாரியிலேயே நீளமான நாள்களில் ஒன்று. மலையடியில் ரதத்துக்குக் கூடுதலாக மாடுகள் பூட்டினார்கள். வளைந்து வளைந்து ஏறுகிற பாதை முழுதும் தலை தலையாக ஜனம். கீழே மஸ்தானி ஏரி. வெள்ளைக் குல்லாய்களும் காவிக் கொடிகளும் மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போவதைப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

நான் எங்கே பார்த்தேன்? மூன்றாவது வளைவில் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. எதிரே போகிறவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிராயச்சித்தம் என்று மனசில் நினைத்துச் சுத்தப் பட்டினி கிடந்திருக்கிறேன். மாத்திரையும் பட்டினியும் மலையேற்றமும் சேர்ந்தால் சர்க்கரை எங்கே நிற்கும்? ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

என் பக்கத்தில் நடந்து வந்தவள் மராத்வாடாப் பக்கத்து விவசாயி. கணவரை இழந்தவள். பதினோராவது தடவை வருகிறாள். தலையிலிருந்த துளசி மாடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை என் வாயில் போட்டாள். பிறகு ஒரு ராஜ்கிரா லட்டு. (தண்டுக்கீரை ஜாதி விதையைப் பொரித்து வெல்லப் பாகில் பிடிப்பது, இங்கே ஏகாதசிக்கு உகந்த பலகாரம்.) கால் மணி நேரத்தில் தெளிந்தது. மீட்டரில் பார்த்தேன். அப்போதே 68 காட்டியது. முன்னால் எவ்வளவு இருந்ததோ!

“பட்டினி கிட என்று விட்டலன் உன்னிடம் வந்து சொன்னானா?” என்று திட்டினாள். “ஏகாதசிக்கு நாங்களும் விரதம்தான். ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை, வாழைப்பழம் என்று வயிறு நிறையத்தான் விரதம் இருக்கிறோம்!”

சர்க்கரை மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் யோசிக்காதீர்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், இல்லையென்றால் அதற்கு ஈடான வெல்லம். உடனே சாப்பிட வேண்டும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி அவ்வளவே. அதற்குப் பிறகு ஏதாவது ஆகாரம். விரதம் இருப்பதென்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொண்டு இருங்கள். என்னைப் போல் வீறாப்பாக இருக்காதீர்கள்.

அன்றிரவு கணவருக்குப் போன் பண்ணி, “இட்லியை யார் சாப்பிட்டா?” என்று கேட்டேன். “ரோட்டிலே வந்த நாலு மாவுலிகளுக்குக் கொடுத்துட்டேன்” என்றார்.

ஊர்கள்

சாஸ்வட் பழைய ஊர். ஞானேஸ்வரரின் தம்பி சோபானதேவரின் சமாதி இங்கேதான். பக்கத்து மலையில் புரந்தர் கோட்டை. சிவாஜியின் மகன் சம்பாஜி 1657-ல் பிறந்த இடம். நாங்கள் கோட்டைக்கெல்லாம் ஏறவில்லை. கிடைத்த நேரத்தில் துணி துவைத்தோம்.

அடுத்தது ஜெஜுரி, 16 கிலோமீட்டர். குன்றின் மேல் கண்டோபா கோயில். பல்லக்கை ஊர்க்காரர்கள் மஞ்சள் தூளை வாரி இறைத்து வரவேற்கிறார்கள். கூரை மஞ்சள், மாடு மஞ்சள், போலீஸ்காரரின் மீசை மஞ்சள். நான்கு நாள் ஆகியும் என் சாக்ஸிலிருந்து மஞ்சள் போகவில்லை.

பிறகு வால்ஹே. அதற்கப்புறம் நீரா நதி. பாதுகைகளுக்கு ஆற்றில் ஸ்நானம் செய்வித்து அக்கரையில் ஸாதாரா ஜில்லாவுக்குள் நுழைகிறோம். லோணந்த், தரட்காவ் தாண்டி பல்டண் வந்தது. சிவாஜியின் முதல் மனைவி சயீபாய் இந்த ஊர் நிம்பாள்கர் வம்சத்துப் பெண். அங்கே அரண்மனையும் ராமர் கோயிலும் இருக்கின்றன. வேளாப்பூரில் யாதவ ராஜாக்கள் காலத்து அர்த்தநாரீஸ்வரர் கோயில். கருங்கல்லைப் பார்த்ததும் நம் பக்கத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வழியில் ‘ரிங்கண்’ என்று ஒன்று. திறந்த மைதானத்தில் ஜனங்கள் வட்டமாக நிற்க, நடுவில் இரண்டு குதிரைகள் ஓடும். ஒன்றின் மேல் கொடி பிடித்த ஆள். மற்றதன் மேல் யாரும் இல்லை. அது மாவுலியின் குதிரை, அதில் அவரே ஏறி வருவதாக ஐதீகம். அது ஓடி முடித்ததும் குளம்படி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ள அடிதடி. பிறகு துளசி மாடம் வைத்த பெண்கள் ஓடுகிறார்கள். ஒன்பது கஜத்தைத் தார் பாய்ச்சிக் கட்டிய 60 வயசுப் பாட்டிகள் கைகோத்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி ‘ஃபுகடி’ ஆடுகிறார்கள். என்னையும் இழுத்தார்கள். ஆடினேன்! முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரிதான் சொன்னது.

சமையல் இல்லாத 20 நாள்

எங்கள் திண்டியில் சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்கள். காலை மூன்று மணிக்கு விசில் அடிக்கும். டாங்கர் தண்ணீரில் குளியல். பெண்கள் நாலு பேர் புடவையை விரித்து மறைப்புப் பிடிக்க, ஒருத்தி ஒருத்தியாக உள்ளே போவோம். ஆறு மணிக்கு நடை. வழியில் போஹா (அவல் உப்புமா), மதியம் பாக்ரி ரொட்டியும் பிட்லாவும் மிளகாய்த் துவையலும், இரவு சோறு, பருப்பு. ‘நாளைக்கு என்ன சமையல்’ என்று யோசிக்காமல் 20 நாள் கழித்தது கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. மூன்று நாள் சுகமாக இருந்தது. நாலாம் நாள் கை நமநமத்தது. போய்ப் பார்த்தால், நடந்து களைத்த பெண்களெல்லாம் சமையல்காரருக்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்! நானும் உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் நாள் சொப்பனத்தில் இட்லி மாவு பொங்கி வழிந்தது.

ஒரு விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். கழிப்பறை இல்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். சில வருஷங்களாக வண்டிக் கழிப்பறைகள் வரிசையாக வைக்கிறார்கள். ஆனாலும் கூட்டத்துக்குப் போதவில்லை. என் தோழி பகல் முழுக்க அரை டம்ளர்தான் குடிப்பாள். பத்தாம் நாள் நீர்க்கடுப்பு, ஜுரம். வழியிலிருந்த மருத்துவ முகாமில் மருந்து கொடுத்தார்கள். அதன்பின் விடிவதற்குள் ஒரு தடவை, தங்கலில் ஒரு தடவை என்று வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளப் பழகினோம். பேதி கண்டவர்களுக்கு நான்கூட வைத்தியம் பார்த்தேன். காய்ச்சின தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டின டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

கொப்புளம்? வந்தது. இடது குதிகால், வலது கட்டை விரல். தோலை உரிக்காமல், உடைக்காமல், சுத்தமான துணி வைத்து மூடி, சாக்ஸை நனைந்தவுடன் மாற்றினேன். காலையில் நடக்குமுன் விரலிடுக்கில் லேசாக எண்ணெய். ராத்திரி கண்ணாடிப் பரீட்சை. கூடாரத்தில் எல்லாருக்கும் என் கண்ணாடி வேடிக்கையாகிவிட்டது. கடைசியில் ஒருவர் பாக்கியில்லாமல் அதில் உள்ளங்கால் பார்த்தார்கள்!

தினம் சாயங்காலம் தங்கலில் சமாஜ ஆரத்தி. எல்லாத் திண்டிகளும் தாளத்தோடு கூடி நிற்கும். சோப்தார் வெள்ளித் தடியை உயர்த்திக் குரல் கொடுப்பார். அவ்வளவுதான், அத்தனை சத்தமும் நொடியில் அடங்கும். ஏதாவது ஒரு திண்டிக்கு மனத்தாங்கல் இருந்தால் மட்டும், அவர்கள் தாளத்தை நிறுத்தமாட்டார்கள். சோப்தார் அங்கே போய் என்ன குறை என்று கேட்டாக வேண்டும். குறை சொல்ல இப்படி ஒரு மரியாதையான வழி! (எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி தாளம் வாங்கி வைக்கலாமா என்று நினைத்தேன்.)

மழைதான் எல்லாருக்கும் கவலை. அந்த ஜூன் முழுதும் மழை சரியில்லை. என் தோழி விதையை வாங்கி வைத்துவிட்டு, விதைக்காமலே வந்துவிட்டாள். சாயங்காலமானால் மகனுக்குப் போன். “பெய்யுதா?” “இல்லே.” போனை வைத்துவிட்டுப் பேசாமல் பாக்ரியைப் பிட்டுக்கொண்டிருப்பாள். ஜூலை பிறந்து ஐந்தாறு நாள் கழித்து ஒரு ராத்திரி எங்கள் கூடாரமே ஒழுகியது. பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்களெல்லாம் நின்றுகொண்டிருக்க, அவள் மட்டும் வெளியே நின்று நனைந்துகொண்டே போனில் கத்திக்கொண்டிருந்தாள். அவள் ஊரிலும் பெய்கிறது!

பண்டரிபுரம்

வாக்ரியில் எல்லாப் பல்லக்குகளும் சந்திக்கின்றன. நாசிக் பக்கத்து திரியம்பகேஸ்வரத்திலிருந்து அண்ணன் நிவ்ருத்தி, சாஸ்வடிலிருந்து தம்பி சோபான், வெகு தூரத்திலிருந்து தங்கை முக்தாபாய். நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே கூடுகிறார்கள். ஜூலை 9, தசமி சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தோம். மறுநாள் ஏகாதசி.

கர்ப்பக்கிரகத்துக்குள் போய் விட்டலன் காலையே தொட்டுக் கும்பிடலாம். ஆணும் பெண்ணும் எந்த ஜாதியும் போகலாம். அந்த உரிமை எல்லாருக்கும் முன்பு இருக்கவில்லை. சோகாமேளரை உள்ளே விடாததால் அவர் சமாதி கோயில் படிக்கு எதிரேதான் இருக்கிறது. சானே குருஜி உண்ணாவிரதம் இருந்து, 1947-ல்தான் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயில் திறந்தது. புனேயில் இருந்த அறிஞர் ஐராவதி கர்வே அந்தக் காலத்தில் வாரி நடந்துவிட்டு, திண்டிகள் ஜாதி ஜாதியாகப் பிரிந்து நடந்ததையும் சாப்பிட்டதையும் வருத்தத்தோடு எழுதினார். எங்கள் திண்டியில் யார் என்ன ஜாதி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அவரவர் ஊர் திண்டி, அவரவர் வழக்கம் என்பது இன்னும் இருக்கத்தான் இருக்கிறது.

ஏகாதசியன்று காலைத் தொடும் வரிசை எத்தனை மணி நேரம் நீளுமென்று சொல்ல முடியாது. மலையில் பட்ட பாடு போதும் என்று நான் நிற்கவில்லை. என் தோழியும் நிற்கவில்லை. பதினொரு தடவையில் மூன்று தடவைதான் உள்ளே போயிருக்கிறாளாம். “கலசத்தைப் பார்த்தால் போதும், அவன் நம்மைப் பார்த்துக்கொள்வான்” என்றாள். கோபுரத்துக் கலசத்தைக் கும்பிட்டுவிட்டு சந்திரபாகா நதிக்குப் போனோம்.

நதியிலேயே புண்டலீகன் கோயில் இருக்கிறது. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா அம்மாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது வாசலில் பகவான் வந்து நிற்க, “வேலை முடியட்டும், இதில் நில்லு” என்று ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டானே, அவன். இன்னும் அந்தக் கல் மேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பகவான் நிற்கிறார். என் மாமியார் இந்தக் கதையை என் பெண்ணுக்குச் சொல்லும்போது முன்பாதியையும் விடமாட்டார். அதே புண்டலீகன் முதலில் பெற்றவர்களைப் படுத்தாத பாடு படுத்தினவன்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, 2019-ல் நடந்ததை என் தோழியிடம் சொன்னேன். பாதி மராத்தி, அழுகை வந்த இடத்திலெல்லாம் தமிழ். அவள் எவ்வளவு புரிந்துகொண்டாளோ! கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “என் மாமியார் கஞ்சி கேட்டு, நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்த ராத்திரி ஒன்று உண்டு” என்றாள். இருவரும் மூன்று முழுக்குப் போட்டோம். கரையேறி டீ குடித்தோம். டீக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

பொரி, பத்தாசு, நெற்றிக்கு வைக்கும் கறுப்பு புக்கா, குங்குமம், ஒரு துளசி மாலை. வார்க்கரி வீட்டுக்கு வாங்கிப் போகிற பிரசாதம் இவ்வளவுதான். 20 நாள் நடந்த தூரத்தை பஸ் ஒரு பகலுக்குள் தின்றுவிட்டது. வீட்டில் அடுப்பு மேடையில் பால் பொங்கின கறை மூன்று வட்டம். எடை மூன்று கிலோ குறைந்திருந்தேன். தீபாவளிக்குள் இரண்டு திரும்பி வந்துவிட்டது. அரை மணி நடை மட்டும் இன்றுவரை விடவில்லை.

2019 கதையை அன்றிரவு கணவரிடமும் சொன்னேன். “எனக்குத் தெரியுமே. அன்னிக்கு நானும் வீட்டிலேதானே இருந்தேன், நான் கூட்டிண்டு போயிருக்கலாமே” என்றார்.

2023-ல் பெண்ணின் பிரசவத்தினால் நான் வாரி போகவில்லை. பல்லக்கு ஹடப்ஸர் வழியே போன அன்று காலை ஆறரைக்கு, பரணில் இருந்த சக்கர நாற்காலியை என் கணவர் இறக்கித் துடைத்தார். கீழ் வீட்டு ஆஜியை அதில் உட்கார வைத்து, இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். போகிற ஒவ்வொரு திண்டியின் நம்பரையும் சத்தமாகப் படித்து, யார் கொடியை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார் ஆஜி. ரதம் வந்தபோது மட்டும் தூங்கிவிட்டிருந்தார். தோளைத் தட்டி எழுப்பினேன்.